தலையணையும் கழுத்தும்

காலையிற் கண்விழித்த ஒருவர் கழுத்தைத் திருப்ப இயலாமல், உடம்போடு சேர்த்தே திரும்பிப் பார்க்கும் காட்சி எந்த வீட்டுக்கும் புதியதன்று. இரவு வீசிய பனிக்காற்றை ஒருவர் குறைகூறுவார். மின்விசிறியை இன்னொருவர் குறைகூறுவார். முதல்நாள் தூக்கிய சுமையைப் பாட்டியார் நினைவூட்டுவார். எண்ணெய் சூடாக்கித் தேய்க்கப்படும். இரண்டொரு நாளிற் பிடிப்பு விட்டுவிடும். ஏழெட்டு மணிநேரமாகத் தலைக்குக் கீழே கிடந்த பொருளை மட்டும் எவரும் ஐயுறுவதில்லை.

சட்டை தைக்கக் கொடுப்பவர் தோளையும் மார்பையும் அளந்து கொடுக்கிறார். செருப்பு வாங்குபவர் காலை நுழைத்துப் பார்த்தே வாங்குகிறார். தலையணை வாங்குபவரோ உறையின் நிறத்தைப் பார்க்கிறார், கையால் ஒருமுறை அமுக்குகிறார், விலையைக் கேட்டுக் கொடுத்துவிட்டு வருகிறார். ஆறடி உயரமுள்ள தகப்பனாருக்கும் பன்னிரண்டு வயது மகளுக்கும் ஒரே கடையில் ஒரே அச்சில் வார்த்த தலையணைகள் வந்து சேர்கின்றன. தலையணையும் உடம்புக்கு அளந்து பார்க்கவேண்டிய பொருளே என்பது கழுத்தின் அமைப்பைச் சிறிது அறிந்தால் விளங்கும்.

வளர்ந்த மனிதனின் தலை ஏறக்குறைய 5 கிலோகிராம் நிறையுடையது. அதனைத் தாங்குவன ஏழு முள்ளென்புகள். ஒன்றன்மேலொன்றாய் அடுக்கப்பட்டுள்ள இவை நேர்கோடாக நிற்பதில்லை. பக்கத்திலிருந்து நோக்கினால் முன்புறமாக வளைந்த வில்லைப் போன்று தோன்றும். பிடரியிற் கைவைத்தால் விரல்கள் சென்று அமரும் குழிவு இவ்வளைவினால் உண்டானதே. மேலுள்ள இரண்டு என்புகளுக்கிடையே தவிர, ஏனையவற்றுக்கிடையே மெத்தை போன்ற இடைத்தட்டுகள் இருக்கின்றன. வளர்ந்தவர்களின் இடைத்தட்டுகளுக்குள்ளே குருதிக்குழாய்கள் பெரும்பாலும் இல்லை. சுற்றுப்புறத்திலிருந்து ஊறிவரும் நீரையும் சத்தையும் கொண்டே அவை வாழ்கின்றன. பகல் முழுவதும் பாரம் அழுத்துவதால் நீர் கசிந்து வெளியேறும். இரவிற் படுத்தபின் மீண்டும் உட்புகும். ஒருவரது உயரத்தைக் காலையில் அளந்தால் மாலை அளவிலும் பார்க்க ஒரு சென்ரிமீற்றர் அல்லது அதற்குச் சற்று மேலாகக் காண்பது இதனாலேயாகும். ஆகவே கழுத்துக்கும் முதுகுக்கும் நித்திரை என்பது வெறும் ஓய்வு மட்டுமன்று. இழந்ததை மீட்கும் வேளையுமாகும்.

விழித்திருக்கும்போது கழுத்தைக் காத்து நிற்பவை தசைகள். தலை சற்றே சரிந்தாலும் அவை இழுத்து நிமிர்த்திவிடும். நித்திரையில் அக்காவல் தளர்ந்துவிடுகிறது. கனவு காணும் வேளைகளில் ஏறத்தாழ முற்றாகவே நீங்கிவிடுகிறது. அப்பொழுது தலையின் பாரம் என்புகளைப் பிணைத்திருக்கும் நார்களின் மேல் விழுகிறது. கணப்பொழுது இழுபடுவதை அந்நார்கள் பொருட்படுத்தா. மணிக்கணக்கில் ஒரே பக்கமாக இழுபட்டாலோ அவை மெல்ல மெல்ல நீண்டு நோவுறும். நெடுந்தூர பஸ் வண்டியில் இருந்தபடியே உறங்கிவிட்டவர் இறங்கும்போது கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குவது இதற்குச் சான்று. பிழையான தலையணையிற் படுத்தவரும் அவரைப் போன்ற பயணியே. ஆனால் அவர் பயணம் இரவுதோறும் நிகழ்கிறது.

தலையணையின் தொழில் தலையை உயர்த்துவது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அதன் தொழில் படுக்கைக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள வெளியை நிரப்புவதாகும். நிமிர்ந்து நிற்கும்போது கழுத்துக்கும் முதுகுக்கும் உள்ள தொடர்பு எதுவோ, படுத்திருக்கும்போதும் அதுவே இருத்தல் வேண்டும். அவ்வெளி எவ்வளவு என்பது ஒருவர் படுக்கும் விதத்தைப் பொறுத்தது.

மல்லாந்து படுப்பவருக்குப் பிடரிக் குழிவின் கீழே ஒரு வெளியும், தலையின் பின்புறத்துக்குக் கீழே அதனிலும் சிறிய வெளியும் உண்டு. எனவே அவருக்கு வேண்டியது தாழ்ந்த தலையணை. அதிலும் கழுத்தின் கீழ் சற்றுத் தடித்தும் தலையின் கீழ் சற்று மெலிந்தும் இருத்தல் நன்று. முகம் கூரையை நோக்கவேண்டும், காலடியை நோக்கலாகாது. கூன் விழுந்த முதியவர்களுக்கு மாத்திரம் இவ்விதி பொருந்தாது. அவர்களுடைய மேல்முதுகு வளைந்து தலை முன்னே நிற்பதால், தாழ்ந்த தலையணையில் அவர்களுடைய தலை பின்புறமாக மடிந்து தொங்கும். அவர்கள் உயர்ந்த தலையணையை விரும்புவது பிடிவாதத்தாலன்று.

பக்கவாட்டிற் படுப்பவருக்கு வெளி மிகவும் பெரிது. தோள் கீழே ஊன்றி நிற்க, காதுக்கும் படுக்கைக்கும் இடையே தலை அந்தரத்தில் நிற்கிறது. இதனை எளிய கணக்கால் அறியலாம். தோளின் என்பு முனைகளுக்கு இடைப்பட்ட அகலம் 40 சென்ரிமீற்றர், தலையின் அகலம் 15 சென்ரிமீற்றர் எனக் கொண்டால், மிகுதி 25. அதிற் பாதியாகிய பன்னிரண்டரை சென்ரிமீற்றரே ஒரு பக்கத்து வெளியாகும். தோளகலம் 36 ஆக உள்ள ஒருவருக்கு அது பத்தரை ஆகிவிடும். இக்கணக்கும் கடினமான தரைக்கே சரி. மெத்தை மென்மையாக இருந்தால் தோள் அதனுட் புதையும். புதைந்த அளவுக்குத் தலையணையின் உயரமும் குறையவேண்டும். பாயிற் படுத்துப் பழகியவர் மெத்தைக்கு மாறியதும் பழைய தலையணை உயர்ந்துவிட்டதாக உணர்வது மயக்கமன்று. படுக்கையை மாற்றியவர் தலையணையையும் மாற்றவேண்டியவரே.

குப்புறப் படுப்பவருக்குத் தலையணை செய்தல் எவராலும் ஆகாத காரியம். மூச்சு விடுவதற்காக அவர் தலையை ஒரு பக்கம் முழுவதுமாகத் திருப்பியே ஆகவேண்டும். கழுத்தின் திருப்பத்திற் பாதியளவு மேலுள்ள இரண்டு என்புகளுக்கு நடுவே நிகழ்வது. அம்மூட்டை இரவு முழுவதும் முறுக்கிவைத்தால் எந்தப் பஞ்சும் அதற்கு ஈடுசெய்யாது. மிக மெல்லிய தலையணையோ, தலையணையே இன்மையோ அவருக்குக் குறைந்த தீங்கு.

மென்மையே தலையணையின் இலக்கணம் என்று முன்னோர் கருதியதாகத் தெரியவில்லை. 1922 இல் எகிப்திலே கண்டெடுக்கப்பட்ட தூத்தங்காமன் அரசனின் கல்லறையில் தலைதாங்கிகள் பல இருந்தன. நீலக் கண்ணாடியால் ஆனது ஒன்று. வானத்தைத் தாங்குபவனாக எகிப்தியர் கருதிய ஷூ என்னும் தேவன் முழந்தாளிட்டுத் தன் கைகளால் தலையை ஏந்துவதுபோல் யானைத்தந்தத்திற் செதுக்கப்பட்டது இன்னொன்று. சீனாவில் சொங் வமிசத்தார் ஆண்ட 960 முதல் 1279 வரையான காலத்திற் பீங்கான் தலையணைகள் பெருவழக்காயிருந்தன. கோடையிற் குளிர்ச்சி தருவன என்று விரும்பப்பட்டன. இவையெல்லாம் கடினமானவை. ஆயினும் இவற்றைச் செய்தோர் ஓர் உண்மையை அறிந்திருந்தனர். எகிப்தியரின் பிறை வடிவத் தாங்கி கழுத்தையும் மண்டையின் அடியையுமே ஏந்துவது. அமைந்த இடம் சரியே. பொருள்தான் உடம்புக்கு விட்டுக்கொடுக்காதது.

யப்பானியரின் உயர்ந்த தலையணை இவ்வரிசையிற் கடைசியானது. படிப்பினை மிகுந்ததும் அதுவே. மரப்பெட்டி போன்ற ஓர் அடிப்பாகம்; அதன்மேல் உமி நிரப்பிய உருளை வடிவான சிறு திண்டு. எடோக் காலத்தில் ஆடவர் குடுமியையும் பெண்டிர் அடுக்குக் கொண்டையையும் எண்ணெயும் மெழுகும் இட்டு வாரி முடிந்தனர். அவ்வலங்காரத்தை நாள்தோறும் புதிதாகச் செய்ய எவருக்கும் இயலாது. ஆகவே கூந்தல் படுக்கையிற் படாதவாறு கழுத்தை மாத்திரம் உயரத்தில் ஏற்றிவைத்து உறங்கினர். தலையணை கூந்தலுக்காகச் செய்யப்பட்டது. கழுத்து அதற்கு இசைந்துகொள்ள நேர்ந்தது. 1871 இல் ஆடவர் குடுமியைக் களையலாம் என அரசு அறிவித்தபின் அலங்காரம் மாற, தலையணையும் படிப்படியாக வழக்கிறந்தது. அக்காலத்து யப்பானியரிடையே வழங்கிய ஒரு கூற்று உண்டு: நான்கு சுன் உயரம் சுகத்துக்கு, மூன்று சுன் உயரம் ஆயுளுக்கு என்பது அதன் கருத்து. ஒரு சுன் ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர். அதாவது 12 சென்ரிமீற்றர் இனிது, ஆனால் 9 சென்ரிமீற்றரே நல்லது என்று அவர்களே உணர்ந்திருந்தனர்.

இக்கூற்று வெறும் பழங்கதையன்று என்பதை 2024 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒசாக்காப் பகுதியிலுள்ள தேசிய மூளைக்குருதி, இருதய நோய் நிலையத்து வைத்தியர்கள் அதனை நடத்தினர். கழுத்து முள்ளென்புகளின் பக்கத் துளைகளினூடாக ஏறி மூளையின் பின்பகுதிக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடிகள் இரண்டு உள்ளன. எக்காரணமும் புலப்படாமல் இந்நாடியின் உட்சுவர் கிழிந்து, அதனாற் பாரிசவாதம் உண்டாவது சிலருக்கு நேர்கிறது. இளவயதினரும் நடுவயதினரும் இதற்கு ஆளாகின்றனர். இத்தகைய 53 நோயாளரது தலையணைகளின் உயரம் கேட்டறியப்பட்டது. அதே வயதும் பாலும் கொண்ட, இந்நோயற்ற 53 பேருடைய தலையணைகளோடு அவை ஒப்பிடப்பட்டன. 12 சென்ரிமீற்றரும் அதற்கு மேலும் உயர்ந்த தலையணைகளை நோயாளருள் நூற்றுக்கு 34 பேர் பயன்படுத்தியிருந்தனர். மற்றையோரில் நூற்றுக்கு 15 பேரே. 15 சென்ரிமீற்றருக்குக் குறையாத தலையணைகளை எடுத்துக்கொண்டால் வேறுபாடு இன்னும் பெரிது: நூற்றுக்கு 17, நூற்றுக்கு ஏறக்குறைய 2. தலையணை கடினமானதாக இருந்தபோது இத்தொடர்பு மேலும் வலுத்தது.

ஓர் எச்சரிக்கை இங்கே வேண்டும். ஆய்வுக்குட்பட்டோர் தொகை சிறியது, நோய் அரிதானது, தொடர்பு கண்டதனாலேயே காரணம் நிறுவப்பட்டதாகாது. உயர்ந்த தலையணையில் உறங்கும் கோடானுகோடி மக்கள் எவ்வித கேடுமின்றி எழுகின்றனர். ஆயினும் கழுத்தை முன்புறம் மடித்து வைத்துக்கொண்டு உறங்குவதனால் வரும் நன்மை யாதுமில்லை என்னும்போது, அதனைத் தவிர்ப்பது அறிவுடைமை. முன்னெப்போதும் இல்லாத கடுமையான கழுத்துவலியோ பிடரிவலியோ திடீரென எழுந்து, தலைச்சுற்றல், பேச்சுக் குழறல், நடை தடுமாறல் என்பவற்றில் ஒன்றும் கூடவே காணப்பட்டால், எண்ணெய் தேய்த்துக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

ஆக, மல்லாந்து படுக்கையில் தாழ்ந்திருக்கவேண்டிய தலையணை, பக்கவாட்டிற் படுக்கையில் உயர்ந்திருக்கவேண்டியதாகிறது. உறங்குபவரோ இரவிற் பல தடவை புரள்பவர். தலையணை அமைப்போரை வருத்தும் சிக்கல் இதுவே. இதற்குக் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று, வடிவத்தால் தீர்ப்பது. நடுப்பகுதியைத் தாழ்த்தி இரு பக்கங்களையும் உயர்த்தினால், மல்லாந்திருப்பவர் நடுக்குழியிலும், புரண்டவர் பக்கத்து மேட்டிலும் தலைவைப்பர். முன்விளிம்பில் நீளவாட்டாக ஒரு திண்டு அமைத்துப் பிடரிக் குழிவை நிரப்புவதும் உண்டு. ஒரு விளிம்பைத் தடித்தும் மற்றதை மெலிந்தும் செய்து, வேண்டியதைத் தெரிந்துகொள்ளும்படி விடுவர். இவ்வடிவங்கள் கண்ணுக்கு விஞ்ஞானமாகத் தோன்றுவதால் விலையும் கூடிவிடுகிறது. ஆனால் திண்டு பிடரியில் அமராமல் மண்டையின் கீழே அமர்ந்தால், அது தாங்கியாக இராது, தள்ளியாகிவிடும். குட்டையான கழுத்துடையவருக்கு நெடுங்கழுத்துக்கென அமைந்த திண்டு உதவாது. வளைவு வெட்டிய தலையணை ஒருவருக்குப் பெரும் சுகமும் மற்றவருக்குப் பெரும் துன்பமும் ஆவது இதனாலேயே.

மற்றது, பொருளால் தீர்ப்பது. பாரத்துக்குத் தக்கபடி இடங்கொடுத்து, பாரம் நீங்கியதும் மீண்டெழும் பொருள் கிடைக்குமாயின், எளிய வடிவமே போதும். இங்கு கவனிக்கவேண்டியது கடையில் இருக்கும் உயரமன்று, தலை அமுக்கியபின் எஞ்சும் உயரம். பதினைந்து சென்ரிமீற்றர் பருத்துத் தோன்றும் பஞ்சுத் தலையணை தலைபட்டதும் ஆறாகத் தாழ்ந்துவிடலாம். பத்து சென்ரிமீற்றர் இறப்பர்த் தலையணை எட்டில் நின்றுவிடலாம்.

இலவம் பஞ்சு நம் வீடுகளில் நெடுங்காலம் பழகிய பொருள். காத்திருந்த கிளி ஏமாந்ததாகப் பழமொழி கூறும் காயிலிருந்து அது கிடைக்கிறது. அதன் ஒவ்வோர் இழையும் உள்ளே காற்று நிறைந்த நுண்குழாய். மேலே மெழுகு படிந்திருப்பதால் நீரை எளிதில் ஏற்காது. எனவே தலைக்கு உஷ்ணம் ஏறுவதில்லை. ஆனால் அவ்விழைகள் நொறுங்கும் இயல்பின. மடிந்தவை மீண்டும் நிமிர்வது குறைவு. நாளடைவிற் பஞ்சு கட்டிபட்டு, நடுவிற் பள்ளமும் ஓரத்தில் மேடுமாகி, கழுத்துக்கு வேண்டிய இடத்திலே ஒன்றுமில்லாது போய்விடும். நன்றாக நிரப்பிய புதிய இலவம் பஞ்சுத் தலையணைக்கும் ஐந்தாண்டு கண்ட தலையணைக்கும் பெயர் ஒன்றே, தொழில் ஒன்றன்று.

இறப்பர்ப் பாலிலிருந்து நுரையிறப்பர் செய்யும் முறையை 1929 இல் இங்கிலாந்தின் பேமிங்காம் நகரிலுள்ள டன்லொப் தொழிற்சாலையினர் கண்டனர். முட்டை அடிப்பதுபோற் பாலை அடித்து நுரையாக்கி, அதனை உறையச்செய்யும் மருந்து சேர்த்து, அச்சில் ஊற்றி, வெப்பமூட்டிப் பதப்படுத்துவர். அச்சினுள்ளே நிறுத்தப்பட்டிருக்கும் கம்பிகளே தலையணையில் வரிசையாகத் தோன்றும் துளைகளுக்குக் காரணம்; அவை வழியாக வெப்பம் உட்சென்று நுரை ஒரே சீராகப் பதப்படும், பின்னர் காற்றும் உலாவும். இப்பாலுக்கும் இலங்கைக்கும் பழைய உறவு உண்டு. பிரேசிலிலிருந்து கியூ தோட்டத்துக்குச் சென்ற வித்துகளில் முளைத்த ஏறக்குறைய 1,900 கன்றுகள் 1876 இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பகாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் அவை வளர்க்கப்பட்டன. இன்று இந்நாட்டிற் செய்யப்படும் நுரையிறப்பர் மெத்தைகளும் தலையணைகளும் பிறநாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. அமுக்கியதும் விரைந்து மீளும் இயல்பினால், புரண்டு புரண்டு படுப்பவருக்கு இது ஏற்றது. தலையணையின் அளவில் ஓரிரு சென்ரிமீற்றர் பிழைத்தாலும் இது விட்டுக்கொடாது என்பது இதன் குறை. இறப்பர்ப்பால் ஒவ்வாமை உடையோர் இதனை விலக்குதல் வேண்டும்.

கைப்பதிவை வாங்கி மெல்ல மீளும் செயற்கை நுரை 1966 இல் பிறந்தது. ஐக்கிய அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவுக்காக, விமான இருக்கைகளில் அதிர்ச்சியைத் தணிக்கும் பொருட்டு அது ஆக்கப்பட்டது. உடற்சூட்டில் இளகி, தலையின் வடிவையே வாங்கிக்கொள்வதால் ஓரிடத்தில் அழுத்தம் குவியாது. ஆயினும் வெப்பநாட்டில் இவ்வியல்பே வினையாகிறது. புழுக்கமான கொழும்பு இரவில் அது வேண்டியதற்கு மேலாக இளகும், சூட்டைத் தேக்கும். குளிர்ந்த நுவரெலியாவில் அதே தலையணை கல்லைப்போல் இறுகியிருந்து, தலைவைத்துச் சற்றுநேரம் சென்றபின்னரே இடங்கொடுக்கும்.

ஒருவர் தமக்குரிய உயரத்தைக் காண்பதற்குச் செலவு எதுவும் வேண்டியதில்லை. நாள்தோறும் படுக்கும் அதே பாயில் அல்லது மெத்தையில், மடித்த துவாய்கள் சிலவற்றை அடுக்கி, பக்கவாட்டிற் படுக்கவேண்டும். வீட்டிலுள்ள வேறொருவர் முதுகுப்புறம் நின்று பார்க்க, பிடரியிலிருந்து முதுகு நடுவரை கோடு நேராகச் செல்லும்வரை துவாய்களைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தல் வேண்டும். மூக்கு நெஞ்செலும்புக்கு நேராக நிற்கும். தோள் தலையணைமேல் ஏறாது அதன் விளிம்பை ஒட்டி நிற்கும். அந்நிலையில் துவாய் அடுக்கின் உயரத்தைத் தலை அமுக்கியிருக்கும்போதே அளக்கவேண்டும். பின்பு மல்லாந்து படுத்து அவ்வாறே செய்தால், அநேகமாகச் சிறிய எண் ஒன்று கிடைக்கும். இவ்விரண்டு எண்களோடு கடைக்குச் செல்பவர் எந்த விளம்பரத்துக்கும் மயங்கமாட்டார். ஒரே தலையணையால் இரண்டும் கைகூடாவிடின், எந்தப் பக்கமாகக் கூடுதலான நேரம் படுக்கிறாரோ அதற்கு இணங்க வாங்கி, குறையைச் சிறு துவாய்ச் சுருளால் நிரப்பிக்கொள்ளலாம். உறையினுள்ளே பிடரி படும் விளிம்பில் அச்சுருளைச் செருகினால் இரவில் நழுவாது.

இவ்விதிகளுக்குப் புறம்பானோரும் உளர். இருதய நோயினாலோ மூச்சு நோயினாலோ உயரத்திற் படுப்பவர், தலையணையைத் தாழ்த்துமுன் தம் வைத்தியரைக் கேட்டல் வேண்டும். நெஞ்செரிவுக்காக மூன்று தலையணைகளை அடுக்கிப் படுப்பவர் கழுத்தை மடிக்கிறாரேயன்றி நெஞ்சை உயர்த்துவதில்லை. கட்டிலின் தலைமாட்டுக் கால்களின் கீழ்ப் பலகை வைத்து உயர்த்துவதே அவருக்குப் பயன்படும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தலையணையே கூடாது. தலை உருண்டையாக வேண்டுமென்று கடுகு நிரப்பிய சிறு தலையணையை வைப்பது தென்னாசியாவிற் பல இல்லங்களில் உள்ள வழக்கம். ஆனால் குழந்தையின் முகம் அதிற் புதைந்தால் தானாகத் திருப்பிக்கொள்ளும் வலிமை அதற்கு இல்லை. குழந்தையின் தலையை உருவாக்குவதாகக் கூறி விற்கப்படும் தலையணைகளைப் பயன்படுத்தவேண்டாமென ஐக்கிய அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2022 இல் எச்சரித்தது.

பழைய தலையணை இன்னும் உதவுமா என அறிய, அதனை நடுவே மடித்து விட்டுப் பார்க்கலாம். உடனே விரிந்தெழுந்தால் அதற்கு உயிர் உண்டு. மடிந்தபடியே கிடந்தால் அது துணிப்பொதியே. இலவம் பஞ்சாயின் தையலைப் பிரித்துப் பஞ்சை வெளியிலெடுத்து, வெயிலிற் காயவைத்து, கையாற் பிய்த்துப் பஞ்சாக்கி, சற்றுப் புதிய பஞ்சும் சேர்த்து அடைக்கலாம். அடைக்கும்போது தலை படும் நடுப்பகுதிக்குக் குறைவாகவும், கழுத்துப் படும் விளிம்புக்குக் கூடுதலாகவும் இட்டு, இரண்டுக்கும் இடையே நீளமாக ஒரு தையல் ஓட்டிவிட்டால் பஞ்சு இடம்பெயராது. நுரையிறப்பரை மட்டும் வெயிலில் இடலாகாது; அது வெடித்துப் பொடியாகிவிடும். நிழலிலே காற்றாட வைப்பது போதும்.